லோடு வண்டி அலங்காரம் (உத்திரமேரூர் வட்டாரம்)

புதிதாக வாங்கிய திறந்த பாடி கொண்ட சிறு சரக்கு வண்டியை உரிமையாளர் தம் தொழிலுக்கும் நம்பிக்கைக்கும் விருப்பத்துக்கும் ஏற்பத் திருத்துவதும், துணைப்பொருள் பூட்டுவதும், பெயர் எழுதுவதும் சேர்ந்ததே லோடு வண்டி அலங்காரம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தில் டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளில் இதைக் காணலாம். டாடா ஏஸுக்குத் தமிழகம் முழுவதும் ‘குட்டி யானை’ என்றே பெயர். இவை நெல் மூட்டை, வைக்கோல், காய்கறி, செங்கல், எம்-சாண்டு, கல்யாணச் சீர்வரிசை, பந்தல் சாமான், ஆடுமாடு என எதையும் ஏற்றும். காலையில் காய்கறி ஏற்றிய வண்டி மாலையில் சிமென்ட் ஏற்றும் என்பதால், சேர்க்கும் ஒவ்வொரு பொருத்தமும் பலவகைச் சரக்குக்கு ஈடுகொடுக்க வேண்டும். அழகு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

பழைய வழக்கம்

காஞ்சி நோக்கிச் செல்லும் வழியில் ஓடிய சரக்கு வண்டியைப் பற்றிய விரிவான பழஞ்சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூலின் பாட்டுடைத் தலைவன் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், இனிமேல் போகவிருக்கும் பாணனுக்கு வழி சொல்கிறான். அப்போது உப்பு வணிகரான உமணரின் வண்டியை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறான். வண்டிக்கு மேல் புல் வேய்ந்த கூரை இருக்கிறது. வாயிலில் கோழி அடையும் கூடு. உரல் ஒன்று கயிற்றில் தொங்குகிறது. காடி வைத்த கலம் முன்பக்கம் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆண்கள் வேப்பந்தழை மாலை சூடி வண்டியோடு நடக்கிறார்கள். பல நாள் வழியிலேயே கழியும் தொழிலில் வண்டியே வீடு. கூரையும் கூடும் உரலும் அந்த வாழ்க்கை கேட்டு வாங்கிய சேர்க்கைகள்.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இன்னொரு சேர்க்கையைக் காட்டுகிறார். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது அச்சு முறிந்தால் நடுவழியில் நிற்க நேரும் என்று அஞ்சி, உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்தார்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு அந்த அச்சையே உவமையாக்குகிறார் ஔவையார். இன்று பாடிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடமும், அது தொங்கும் காரணமும் அதுவே.

பிற்கால மாட்டு வண்டியில் இது மேலும் விரிந்தது. ஆட்கள் போகக் கூண்டு வண்டி, சரக்குக்குக் கூண்டில்லாத மொட்டை வண்டி. மொட்டை வண்டியின் இரு பக்கமும் முளைக்குச்சிகள் வரிசையாக நிற்கும். வைக்கோல் ஏற்றும் நாளில் குச்சிகளை உயரமாக மாற்றிக்கொள்வார்கள். எருவும் மணலும் ஏற்றும் நாளில் மூங்கில் தட்டியை உள்ளே சாத்துவார்கள். அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த மை, சக்கரம் கழலாமல் இருக்கக் கடையாணி, இருட்டில் பின்னால் வருபவனுக்குத் தெரிய வண்டிக்கு அடியில் ஆடும் அரிக்கேன் விளக்கு. மாட்டுக்குக் கழுத்துமணியும் சலங்கையும் இருக்கும். பொங்கல் வந்தால் கொம்புக்கு வர்ணமும் கழுத்துக்கு நெட்டி மாலையும் உண்டு. 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகச் சோழன் கல்வெட்டுகளால் பெயர்பெற்ற உத்திரமேரூர், ஏரிப் பாசனமும் நெல்லும் சார்ந்த ஊர். இங்கே மொட்டை வண்டியே சரக்கு வண்டியாக இருந்தது. லாரி அலங்காரம் வடக்கே பஞ்சாபிலிருந்து இறங்கிவந்தது என்று சொல்வதுண்டு. நிறப் பகட்டு வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். முளைக்குச்சி பக்கக் கிராதியாகவும், அரிக்கேன் ஒளிர்பட்டையாகவும், சலங்கை ஹாரனாகவும் மாறிய இந்த வட்டாரத்தில் அலங்காரத்தின் வேர் மாட்டு வண்டியே.

மோட்டார் காலத்தில்

சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் முதலில் குதிரை வண்டி கட்டியது. 1903இல் அங்கே நீராவிக் கார் ஒன்று உருவாகி நகரத் தெருவில் ஓடியது. குதிரை வண்டி கட்டிய பட்டறைக் கைகளே மோட்டார் வண்டிக்கும் பாடி கட்டின. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அக்காலத்து லாரி பெரும்பாலும் சேசிஸாகத்தான் வாங்குபவர் கைக்கு வரும். எஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டும் கொண்ட அந்த எலும்புக்கூட்டைப் பாடி கட்டும் பட்டறைக்கு ஓட்டிப்போவார்கள். பலகையின் கனம், கேபின் நெற்றியின் வளைவு, பக்கத்தில் தீட்டும் மயிலும் தாமரையும் என எல்லாம் உரிமையாளரும் ஆசாரியும் பெயின்டரும் நின்று பேசி முடிவாகும். நாமக்கல் இன்றும் அந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்.

1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டோடு வந்த சிறு லாரிகளும், 1986இல் வந்த டாடா 407உம் கிராமச் சாலைக்குப் பொருந்தின. பெரிய மாற்றம் 2005 மே மாதம் நடந்தது. 702 சிசி கொள்ளளவும் இரண்டு சிலிண்டரும் கொண்ட டீசல் எஞ்சினோடும், 750 கிலோ ஏற்றுதிறனோடும் டாடா ஏஸ் வெளிவந்தது. 2011இல் ஒசூரிலிருந்து ஒன்றேகால் டன் தோஸ்த் வந்தது. இவ்வண்டிகள் இரும்புப் பாடியோடு முழுமையாகத் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. ஆகவே ஆசாரியிடம் நின்று பாடி கட்டிய உரிமை வாங்குபவர் கையைவிட்டுப் போயிற்று. ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் வண்டிகளில் தம் வண்டி எது என்று காட்ட, மேலே சேர்ப்பது ஒன்றே அவருக்கு மிஞ்சிய வழி. துணைப்பொருள் கடைகளும் ஸ்டிக்கர் கடைகளும் பெருகியது இதனால்தான். கடன் வாங்கித் தம் முதல் வண்டியை எடுத்த ஓட்டுநர் அதில் மகள் பெயரை ஒட்டுவதை வெறும் பகட்டு என்று தள்ளுவது நியாயமாகாது.

பாடியில் செய்யும் வேலைகள்

வண்டி வந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது தளம். தொழிற்சாலைத் தகடு மெல்லியது. ஜல்லி விழுந்தால் ஒடுங்கும். ஈர மணலும் எருவும் தங்கினால் துருப்பிடிக்கும். அதன் மேல் செக்கர்டு பிளேட் எனப்படும் புடைப்புத் தகட்டையோ கனத்த ரப்பர் பாயையோ விரிக்கிறார்கள். தகடு வலுவானது, ஆனால் அதன் எடை ஏற்றுதிறனில் கழியும். காய்கறி, பால், பந்தல் சாமான் ஏற்றுபவருக்கு ரப்பர் பாயே போதும். மூட்டையும் வழுக்காது. எதை விரித்தாலும் அடியில் நீர் தேங்காமல் வடிய ஓட்டை விட வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்புக்குப் போட்ட விரிப்பே துருவை வளர்க்கும். கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றுபவர்கள் பின்கதவின் இடுக்கில் சாக்கைத் திணித்து அடைக்கிறார்கள்.

அடுத்தது கொக்கி. வண்டியோடு வரும் கொக்கிகள் எண்ணிக்கையில் குறைவு. பக்கப் பலகையின் வெளிப்புறத்தில் கூடுதலாகச் சில கொக்கிகளைப் பற்றவைத்தால், கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டலாம். வளைவில் சரக்கு சரியாது. முனை வெளியே நீளாத வளையக் கொக்கியே நல்லது. இந்த வேலையில் கவனம் தேவை. இன்றைய வண்டிகளின் எஞ்சினை மின்னணுப் பெட்டி இயக்குகிறது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அந்தப் பெட்டி பழுதாகும் ஆபத்து உண்டு. பற்றவைத்த இடத்தில் அன்றே பிரைமரும் பெயின்ட்டும் அடித்தாக வேண்டும். சேசிஸ் சட்டத்தில் ஓட்டை போடுவதும் பற்றவைப்பதும் கூடவே கூடாது.

பக்கப் பலகைக்கு மேல் கழற்றி மாட்டும் குழாய்க் கிராதி வைத்தால் வைக்கோலும் ஆடுமாடும் ஏற்றலாம். அதன் மேல் வளைவுக் கம்பி நட்டுத் தார்ப்பாய் போர்த்தினால் ஐப்பசி கார்த்திகை மழையிலும் தொழில் நிற்காது. கழற்றக்கூடியதாக இருப்பதே முக்கியம். நிரந்தரமாக உயர்த்திய பக்கம் ஓட்டுநரை அளவுக்கு மீறி ஏற்றச் சொல்லும். பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பதும் அப்படிப்பட்டதே. பின்பக்கம் தாழாது, பார்க்க நிமிர்ந்து நிற்கும். ஆனால் பிரேக்கும் அச்சும் டயரும் பழைய எடைக்குச் செய்தவை.

கேபினும் முகப்பும்

சீட் கவர், ஸ்டியரிங் உறை, முன்கண்ணாடியின் உச்சியில் குஞ்சம், டேஷ்போர்டில் பிள்ளையாரோ வேளாங்கண்ணி மாதாவோ மெக்கா படமோ, பாட்டுப் பெட்டி, சிறு விசிறி ஆகியவை பொதுவானவை. எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியில் சூடு மேலேறும். அங்கே விசிறி ஆடம்பரமல்ல. விளக்கும் ஹாரனும் கூட்டும்போது வயரை இடையில் வெட்டி முறுக்கி இணைத்தால் தீப்பிடிக்க வழி உண்டு. ரிலேயும் ஃபியூஸும் வைத்துத் தனி வயர் இழுப்பதே முறை.

எழுத்தும் திருஷ்டியும்

முன்பு பெயின்டர் தூரிகையால் எழுதிய ‘முருகன் துணை’, ‘அம்மா அப்பா ஆசி’, குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் இப்போது ‘ரேடியம்’ என்று வழங்கும் ஒளிர்தாளில் கணினி வெட்டித் தரும் எழுத்துகளாகிவிட்டன. வேலை விரைவு, விலை மலிவு. ஆனால் ஒரு பெயின்டரின் ‘மு’வும் இன்னொருவரின் ‘மு’வும் வேறுவேறாக இருந்த அழகு போய், எல்லா வண்டியிலும் ஒரே எழுத்துரு வந்தது பேரிழப்பு. கட்சிக்கொடி நிறங்களும் நடிகர் முகமும் சாதிச் சின்னமும்கூட இத்தாளில் ஏறுகின்றன. சாதிச் சின்னம் ஒட்டிய வண்டி எல்லார் வீட்டுச் சரக்கையும் ஏற்றிப் பிழைக்கும் தொழிலுக்கே பொருந்தாதது.

புது வண்டிக்குப் பூசை கட்டாயம். சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சார்த்தி, சூடம் காட்டி, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை நகர்த்துவார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்ததும் துண்டுகளைச் சாலையிலிருந்து ஒதுக்குவது நல்ல பழக்கம். அதில் வழுக்கி விழும் இருசக்கர வண்டிக்காரர்கள் உண்டு. சென்னை போகிறவர்கள் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரரிடம் வண்டியை நிறுத்திப் பூசை போடுவார்கள். பம்பரில் கறுப்புக் கயிறும் பழைய செருப்பும் பூத முகமும் கண்ணேறு கழிக்க. ஆயுத பூசையன்று வாழைக்கன்று வண்டியின் முகப்பில் ஏறும்.

உலகில் இந்த வண்டி அலங்காரத்துக்கு உறவுகள் பல. பாகிஸ்தானின் சித்திர லாரிகள், 1975 முதல் 1979 வரை வந்த திரைப்பட வரிசையால் புகழடைந்த ஜப்பானின் டெக்கோட்டோரா லாரிகள், பிலிப்பைன்ஸின் ஜீப்னி ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. அடிப்படை அமைப்பை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே திருத்தம் எனச் சட்டம் விளக்குவதால், சீட் கவரும் ரப்பர் பாயும் கழற்றும் தார்ப்பாய்க் கம்பியும் அதற்குள் வாரா. 2019இன் திருத்தச் சட்டப்படி விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சரக்கு பாடிக்கு வெளியே அளவுமீறி நீண்டால் 20,000 ரூபாய் அபராதம். பல சுரம் எழுப்பும் ஹாரன், முன்பக்கச் சிவப்பு விளக்கு, கண்ணாடியில் கறுப்புத் தாள் ஆகியவையும் கூடாது. கறுப்புத் தாளை உச்ச நீதிமன்றம் 2012இல் தடுத்தது. இரும்புத் தடுப்புக் கம்பியை முன்னால் பூட்டுவதற்கு எதிராக மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. முன்னே வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னே சிவப்பு என ஒளிர்பட்டை ஒட்டுவது சட்டமும் கேட்பது, உயிரும் காப்பது. தெருவிளக்கில்லாத கிராமச் சாலையில் பழுதாகி நிற்கும் வண்டிக்கு இதைவிடப் பயனுள்ள அலங்காரம் இல்லை.

2022இல் ஏஸின் மின்சார வடிவம் பச்சை எண்பலகையோடு வந்தது. அதில் வயர் இழுப்பதற்கும் வெல்டிங் வைப்பதற்கும் முன் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தைக் கேட்க வேண்டும்.