கிலோமீட்டர் குறைவு, வயசு அதிகம்

போன மாசம் ஒரு பழைய எலெக்ட்ரிக் கார் பார்த்தேன். எட்டு வருஷ வண்டி, ஓடினது வெறும் 11,000 கிலோமீட்டர். "புதுசு மாதிரிதான் தம்பி"ன்னார் ஓனர். என் சேமிப்புல பாதி அந்தக் காருக்குப் போயிடும். அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு படிச்சேன்.

இந்தச் சிக்கலுக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது. 1900-கள்ல அமெரிக்க நகரங்கள்ல எலெக்ட்ரிக் கார்கள் சாதாரணமா ஓடின. பெரும்பாலும் ஈய-அமில பேட்டரிதான். அதைச் சார்ஜ் இறங்கின நிலையில சும்மா விட்டா, தகடுகள்மேல ஈய சல்பேட் கெட்டியாப் படியும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. அதாவது, வண்டி ஓடாமலேயே பேட்டரி செத்துடும்.

தாமஸ் எடிசன் இதுக்கு மாற்றா நிக்கல்-இரும்பு பேட்டரியைக் கொண்டுவந்தார். முதல் வடிவம் கசிஞ்சதால, உற்பத்தியை நிறுத்திட்டு மறுபடி பல வருஷம் உழைச்சார். 1910 வாக்கில் வந்த புது வடிவம், சும்மா கிடந்தாலும் தாங்கியது. ஆனா விலை ரொம்ப அதிகம். கொஞ்ச வருஷத்துல பெட்ரோல் கார்கள் சந்தையைப் பிடிச்சிடுச்சு.

அடுத்தது லித்தியம்-அயான். 1991-ல் சோனி இதை முதல்முதலா விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதுக்கு ரெண்டு வயசு உண்டு: ஒண்ணு ஓடின வயசு, இன்னொண்ணு காலண்டர் வயசு. உள்ளே கிராஃபைட் மேல ஒரு மெல்லிய படலம் இருக்கும். வண்டி நின்னாலும் அது மெதுவா வளரும். அதில் சிக்கின லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்தா இந்த வளர்ச்சி இன்னும் வேகமாகும்.

இதை ஊரறியக் காட்டினது அரிசோனா மாநில வெயில். 2010 கடைசியில் வந்த நிசான் லீஃப் காரில், பேட்டரியைக் குளிரவைக்கத் தனி ஏற்பாடு கிடையாது. 2012-லேயே ஃபீனிக்ஸ் பகுதி ஓனர்கள், பேட்டரி கொள்ளளவு குறையுதுன்னு புகார் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் தர நிசான் ஒத்துக்கிட்டது. பிறகு வெப்பம் தாங்கும் பேட்டரியும் வந்தது.

இதையெல்லாம் படிச்சிட்டு ஓனரிடம் ரெண்டே கேள்வி கேட்டேன். "வண்டி எங்கே சார் நின்னுச்சு?" மொட்டை வெயில்ல. "சார்ஜ் எவ்வளவுல வச்சிருந்தீங்க?" "எப்பவும் ஃபுல்லா வச்சிருப்பேன் தம்பி, அவசரத்துக்கு." பாவம், நல்லது பண்றதா நினைச்சுதான் அப்படி வச்சிருக்கார். நிழலில், பாதி சார்ஜில் விட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

முழு சார்ஜில் ஓட்டிப் பார்த்தோம். புதுசுல ஓடின தூரத்துல முக்கால் பங்குகூட வரலை. அதுக்காக வண்டியை ஒதுக்கலை. என் ஆஃபீஸ் போக அது போதும். ஆனா விலையை கிலோமீட்டர் கணக்கில் இல்லாம, மிச்சமிருக்கிற பேட்டரி கணக்கில் பேசினேன். அவரும் யோசிச்சுச் சொல்றேன்னார்.

நீங்களும் அப்படி ஒரு விளம்பரம் பார்த்தா, ஓடோமீட்டரோடு நிறுத்தாம அந்த ரெண்டு கேள்வியையும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.