பெரிய காலும் சின்ன பல்லும்

மான்ஸ்டர் டிரக்கை டிவியிலாவது பார்த்திருப்பீங்க. ஆள் உயர டயரை மாட்டிக்கிட்டு, வரிசையா நிக்கிற பழைய கார்கள் மேல ஏறி நசுக்கிட்டுப் போகுமே, அதேதான். பாக்குறவங்க கண்ணெல்லாம் டயர் மேலதான் இருக்கும். ஆனா அந்த வண்டியோட சரித்திரம் முழுக்க உடைஞ்ச ஆக்ஸிலோட சரித்திரம்தாங்க.

கதை ஒரு சாதாரண பிக்கப்பில் ஆரம்பிக்குது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், செயின்ட் லூயிஸ் பக்கம் பாப் சாண்ட்லர்னு ஒரு கட்டட கான்ட்ராக்டர். அவர்கிட்ட 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250, நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. சேத்துலயும் மேட்டுலயும் ஓட்டி ஓட்டி எதையாவது உடைப்பார். பார்ட்ஸ் அந்த ஊரில் லேசில் கிடைக்காது. சரி, நாமே கடை போட்டுருவோம்னு 1975இல் மனைவி மெர்லின், நண்பர் ஜிம் கிரேமரோட சேர்ந்து ஃபோர் வீல் டிரைவ் கடை திறந்துட்டார். கடை மேனேஜர் ரான் மக்ரூடர், இவர் எல்லாத்தையும் உடைக்கிறதுக்குக் காரணம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற அந்தப் பெரிய கால்தான்னு கிண்டல் பண்ணப் போக, வண்டிக்கு 'பிக்ஃபுட்'னு பேர் நிலைச்சுது.

பெரிய கால் மட்டுமா காரணம்? இங்கே கொஞ்சம் கணக்கு பார்க்கணும். பயப்படாதீங்க, அஞ்சாம் வகுப்புக் கணக்குதான் :-)

என்ஜின் சுத்துற வேகத்தைக் குறைச்சு, இழுவையைக் கூட்டி சக்கரத்துக்குத் தர்றது டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்கிற கிரௌனும் பினியனும். கிரௌனுக்கு 41 பல், பினியனுக்கு 10 பல்னா விகிதம் 4.10. டயர் 30 அங்குலம்னு வச்சுக்குங்க. அதைக் கழட்டிட்டு 35 அங்குலம் போட்டா, ஒரு சுத்துக்கு வண்டி அதிக தூரம் போகும், ஆனா இழுவை போயிடும். மேட்டில் என்ஜின் திணறும், கிளட்ச் தேயும். பழைய இழுவை திரும்பி வரணும்னா 4.10ஐ 35ஆல் பெருக்கி 30ஆல் வகுக்கணும். 4.78 வருது. கடையில் கிடைக்கிறதில் பக்கத்து விகிதம் 4.88, அதாவது 39 பல்லுக்கு 8 பல். முன்னாடி ஆக்ஸில், பின்னாடி ஆக்ஸில் ரெண்டிலும் மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தி கெட்டியான ரோட்டில் ஃபோர் வீல் போட்டீங்கன்னா முன்னும் பின்னும் சண்டை போட்டு, நடுவில் மாட்டின டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கிடும்.

கவனிச்சீங்களா? விகிதம் ஏற ஏற பினியனுக்குப் பல் குறையுது, அதுவே சின்னதாகுது. டயரோ பெருசாகி இன்னும் அதிகமா முறுக்குது. பளு கூடக் கூட, தாங்க வேண்டிய சாமான் இளைச்சுக்கிட்டே போகுது!

சாண்ட்லர் சிக்கினது இந்தச் சுழலில்தான். டயர் பெருசாக்கினா ஆக்ஸில் போகும். கனமான ஆக்ஸில் போட்டா, இது இன்னும் பெரிய டயரைத் தாங்குமேன்னு ஆசை வரும். 1979 வாக்கில் ராணுவ வண்டி ஆக்ஸில், 48 அங்குல டயர், பின் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்னு வந்து நின்னார். 1981இல் ஒரு வயல்காட்டில் ரெண்டு பழைய கார் மேல ஏத்திப் பார்த்தார். 1982இல் மிச்சிகன் மாநிலம் பான்டியாக் சில்வர்டோமில், பெரும் கூட்டத்துக்கு முன்னாடி, 66 அங்குல டயரோட அடுத்த பிக்ஃபுட்.

66 அங்குலத்துக்கு நம்ம கணக்கைப் போடுங்க. விகிதம் 9க்கு மேல வரும். அதை ஒரே ஜோடி கிரௌன் பினியனில் கொண்டுவந்தா பினியன் சுண்டுவிரல் மாதிரி ஆயிடும். அதனால வேலையை ரெண்டாப் பிரிச்சாங்க. பாதி டிஃபரன்ஷியலில், மீதி சக்கரத்து ஹப்புக்குள்ள. நடுப் பல்சக்கரத்தைச் சுத்தி கிரகங்கள் மாதிரி குட்டிப் பல்சக்கரங்கள் ஓடும் பிளானட்டரி கியர் அது. முறுக்கு கடைசி இடத்தில்தான் கூடுது, அதனால நடுவில் இருக்கிற ஆக்ஸில் ஷாஃப்ட் பிழைச்சுக்குது. இன்னைக்கு மான்ஸ்டர் டிரக் எல்லாம் ஓடுறது இப்படித்தான்.

1986இல் சாண்ட்லர் பிக்ஃபுட் 5க்கு 10 அடி உயர டயர் போட்டார். அது 1950களில் அமெரிக்க ராணுவத்துக்காக லெடூர்னோ கம்பெனி செஞ்ச, தண்டவாளம் இல்லாமல் ஓடும் ரயிலோட டயர். அந்த ரயிலில் என்ஜினையும் சக்கரத்தையும் இணைக்க ஆக்ஸிலே கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும் தனித்தனி மின் மோட்டார், அதுக்குள்ளயே கியர். அவ்வளவு பெரிய டயருக்கு லெடூர்னோ கண்ட வழி அது.

பெரிய டயர் வாங்க ஆசைப்படுற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, டயர் விலையோட ரெண்டு ஜோடி கிரௌன் பினியன் விலையையும், அதை அளவு பார்த்து உட்கார வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக் கூலியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க. அப்பவும் ஆசை அடங்கலைன்னா வாங்குங்க :-)