தோற்பதில் பெயர் வாங்கிய ஒரு கிரிக்கெட் அணி!

ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாய்ல், பீட்டர் பானை உருவாக்கிய ஜே.எம்.பாரி, வின்னி த பூ கதைகளை எழுதிய ஏ.ஏ.மில்ன்... இவர்கள் மூவரும் ஒரே கிரிக்கெட் கிளப்பில் ஆடியவர்கள் என்றால் நம்ப முடிகிறதா? நம்பித்தான் ஆக வேண்டும். அந்த கிளப்பின் பெயர் அல்லாஅக்பரீஸ். 1887 முதல் 1913 வரை இங்கிலாந்தின் கிராமத்து மைதானங்களில் ஆடிய அணி இது. கோப்பை கிடையாது, பரிசுப்பணம் கிடையாது. திறமையும் பெரும்பாலும் கிடையாது!

கிளப்பைத் தொடங்கியவர் பாரி. ஸ்காட்லாந்துக்காரர். உயரம் ஐந்தடியை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் கிரிக்கெட் மீது தீராத காதல். 1887-ல் சர்ரே மாவட்டத்தில் உள்ள ஷியர் என்ற கிராமத்து அணியோடு மோதுவதற்காக நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ரயில் ஏறினார். வண்டியில் போகும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அணியில் சிலருக்கு மட்டையின் எந்தப் பக்கத்தால் பந்தை அடிக்க வேண்டும் என்பதே தெரியவில்லை!

அந்த அணியில் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த ஜோசப் தாம்சன் போன்ற பயணிகளும் இருந்தார்கள். "கடவுளே காப்பாற்று என்பதை அரபியில் எப்படிச் சொல்வார்கள்?" என்று பாரி கேட்க, "அல்லாஹு அக்பர்" என்று பதில் வந்ததாம். உண்மையில் அதற்கு "இறைவன் மிகப் பெரியவன்" என்று பொருள். தவறான மொழிபெயர்ப்புதான், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் பாரியின் பெயரும் அதன் வாலில் சேர்ந்து "அல்லாஅக்பரீஸ்" ஆனது. அந்த முதல் ஆட்டத்தில் மொத்த அணியும் 11 ரன்னில் சுருண்டது என்று சொல்வார்கள். ஆளுக்கு ஒரு ரன்!

இப்படிப்பட்ட அணிக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்? பாரியே விளக்கியிருக்கிறார். திருமணமானவர்கள் என்றால் அவர்களுடைய மனைவிமாரைப் பிடித்திருந்ததால். திருமணமாகாதவர்கள் என்றால் தோற்றம் வேடிக்கையாக இருந்ததால்! தன் பந்துவீச்சைப் பற்றியும் அவருக்கு ஒரு நகைச்சுவை உண்டு. வீசிய பந்து பிடிக்கவில்லை என்றால் பின்னாலேயே ஓடிப்போய்த் திரும்ப எடுத்து வந்துவிடலாமாம். அவ்வளவு மெதுவாகப் போகுமாம்.

1893-ல் கிளப்பைப் பற்றி ஒரு சிறு புத்தகத்தை பாரி சொந்தமாக அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அதில் ஆட்டக்காரர்களுக்கு அறிவுரைகளும் உண்டு. எதிரணி பார்க்கும்படி ஆட்டத்துக்கு முன் பயிற்சி செய்யாதீர்கள், அவர்களுக்குத் தைரியம் வந்துவிடும் என்பது ஒன்று. பந்து மட்டையில் பட்டுவிட்டால் மகிழ்ச்சியில் நின்றுவிடாமல் உடனே ஓடுங்கள் என்பது இன்னொன்று.

அணியில் உருப்படியாக ஆடத் தெரிந்தவர்களில் முதலிடம் கோனன் டாய்லுக்குத்தான். அவர் 10 முதல்தர ஆட்டங்களில் ஆடியவர். அவற்றில் அவர் எடுத்தது ஒரே ஒரு விக்கெட். ஆனால் யாருடைய விக்கெட் தெரியுமா? டபிள்யூ.ஜி.கிரேஸ்! 1900-ல் நடந்த அந்தச் சம்பவத்தைப் பற்றி டாய்ல் ஒரு கவிதையே எழுதினார்.

சரி, இவர்களுடைய எதிரிகள் யார்?

வொர்ஸ்டர்ஷயரில் பிராட்வே என்று ஓர் அழகான கிராமம். 1880களில் அமெரிக்க ஓவியர்கள் பலர் அங்கே வந்து தங்கி வரைந்தார்கள். ஜான் சிங்கர் சார்ஜென்ட் தன் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றை 1885-86ல் அங்கேதான் தீட்டினார். அமெரிக்க நாடக நட்சத்திரம் மேரி ஆண்டர்சன் புகழின் உச்சியில் மேடையை விட்டு விலகி, 1890-ல் அந்தோனியோ தெ நவாரோவை மணந்து, பிறகு அதே கிராமத்தில் குடியேறினார். ஓவியர்களைத் திரட்டி பாரியின் எழுத்தாளர்களுக்கு எதிராக ஓர் அணியை நிறுத்தியவர் அவர்தான்.

1890களின் கடைசி ஆண்டுகளில் எழுத்தாளர்கள் ரயில் ஏறி பிராட்வே போவதும், ஓவியர்களோடு மோதுவதும் கோடைக்கால வழக்கமானது. எழுதுகோலுக்கும் தூரிகைக்கும் போட்டி! மேரிக்கும் பாரிக்கும் நடந்த வாய்ச்சண்டை, ஆட்டத்தை விட சுவாரசியமானது. கிளப் புத்தகத்தின் 1899-ஆம் ஆண்டுப் பதிப்பை பாரி யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? சாட்சாத் எதிரணியின் மேரிக்குத்தான்! "எதிரி" என்றே அன்போடு அழைத்திருந்தார்.

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை தோல்விகளுக்குப் பிறகும் 26 ஆண்டுகள் ஓர் அணி எப்படித் தாக்குப்பிடித்தது? இவர்கள் ஒவ்வொருவரும் தன் தொழிலில் பெயர் எடுத்தவர்கள். விமர்சகர்கள், பதிப்பாளர்கள், விற்பனை எண்ணிக்கை என்று ஆண்டு முழுவதும் யாராவது மதிப்பெண் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கோடையில் ஒரு நாள் மட்டும் தோற்றாலும் நஷ்டம் இல்லை. எதிரி வெல்வது முக்கியமல்ல, அடுத்த வருடமும் அதே எதிரி வந்து நிற்பதுதான் முக்கியம். அந்த நம்பிக்கைதான் கிளப்பின் ஒரே முதலீடு.

அந்த முதலீடுதான் ஒரே அடியில் போனது.

1913-ல் எடுத்த அணிப் புகைப்படத்தில் பாரியோடும் மில்னோடும் ஓர் இளைஞனும் இருக்கிறான். பெயர் ஜார்ஜ் லூவலின் டேவிஸ். பெற்றோரை இழந்த ஐந்து சகோதரர்களில் மூத்தவன். பாரிதான் அவர்களுக்குக் காப்பாளர். பீட்டர் பான் கதை பிறக்கக் காரணமே இந்தச் சிறுவர்களுக்கு பாரி சொன்ன கதைகள்தான். கிளப்பின் புத்தகம் முதலில் அச்சான அதே 1893-ல் பிறந்தவன் ஜார்ஜ்.

1914-ல் முதல் உலகப்போர் வெடித்தது. 1915 மார்ச் 15 அன்று பெல்ஜியப் போர்முனையில் ஜார்ஜ் சுட்டுக் கொல்லப்பட்டான். வயது 21. அதே ஆண்டு ஜூலையில், கிளப்பில் ஆடிய எழுத்தாளர் ஹார்னங்கின் ஒரே மகன் ஆஸ்கர் ஈப்ர் அருகே பலியானான். ஹார்னங், டாய்லின் தங்கை கணவர். டாய்லின் மகன் கிங்ஸ்லி 1916-ல் சோம் போரில் காயம்பட்டு, 1918-ல் நிமோனியாவால் இறந்தான். மில்ன் சோம் போர்முனைக்குப் போய் நோயோடு ஊர் திரும்பினார்.

1918-ல் போர் முடிந்தது. அல்லாஅக்பரீஸ் அணி மட்டும் திரும்பி வரவில்லை.

ஆனால் பாரி கிரிக்கெட்டை விட்டுவிடவில்லை. 1920களில் கோடைக்காலங்களை ஸ்டான்வே என்ற கிராமத்து மாளிகையில் கழித்தார். பழைய எதிரிகளின் பிராட்வேயிலிருந்து சில மைல் தூரம்தான்! அந்த ஊர் மைதானத்துக்கு, கல் தூண்களின் மேல் நிற்கும் ஓலைக்கூரை போட்ட ஒரு பெவிலியனைப் பரிசாகக் கொடுத்தார். 1937-ல் பாரி மறைந்தார். 1950-ல் கிளப்பின் புத்தகம் மறுபதிப்பு கண்டபோது அதற்கு முன்னுரை எழுதியவர் சாதாரண ஆள் இல்லை. டான் பிராட்மேன்! உலகின் தலைசிறந்த மட்டையாளர், பந்தை அடிக்கத் தெரியாத அணிக்கு எழுதிய முன்னுரை.

அல்லாஅக்பரீஸ் எத்தனை ஆட்டம் தோற்றது என்று இன்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பாரி கொடுத்த பெவிலியன் மட்டும் ஸ்டான்வேயில் இன்னும் நிற்கிறது. ஒரு கிராமத்து அணி அடுத்த கோடையிலும் வந்து ஆடும் என்ற நம்பிக்கையில், ஜார்ஜை இழந்த மனிதர் கொடுத்த பரிசு அது.