இருவரும் ஓர் இயந்திரமும்: 'சூயிசைட்' இசைக்குழுவின் வரலாறு பற்றிய சில குறிப்புக்கள்

நவீன இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் விற்பனையான இசைத்தட்டுக்களின் தொகையையே அளவுகோலாகக் கொள்வர். அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், 1970ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே தோன்றிய 'சூயிசைட்' என்னும் இருவர் குழுவுக்கு வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பே மிஞ்சும். ஆயினும் கித்தாரும் மேளமும் இன்றி, ஒரு குரலையும் ஒரு மின்னிசைப் பெட்டியையும் மட்டுமே கொண்டு மேடையேறலாம் என்பதை மேலைத்தேய ரொக் இசையுலகுக்கு உணர்த்தியோருள் இவர்கள் முதன்மையானவர்கள். பங்க் இசைக்குப் பின்வந்த மின்னிசைக் குழுக்கள் பல இவர்களிடம் கடன்பட்டவை. கூத்தும் கர்நாடக இசையும் ஆராயப்படும் இம்மலரில் இப்பொருளுக்கு இடமேன் என வினவுவோர் இருப்பர். கட்டுரையின் பிற்பகுதிவரை அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

குழுவின் பாடகரான அலன் வேகா 1938இல் புறூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். புறூக்ளின் கல்லூரியிற் பௌதிகவியல் பயிலப் புகுந்து, பின் ஓவியத்துக்கு மாறியவர். கரிய ஓவியங்களாற் புகழ்பெற்ற அட் றைன்ஹார்ட் அங்கு அவருக்கு ஆசிரியராயிருந்தார். கைவிடப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளையும் மின்குமிழ்களையும் வயர்களையும் பிணைத்து ஒளிச்சிற்பங்கள் செய்தமையே வேகாவின் முதற் கலைப்பணி. மற்றவர் மார்ட்டின் றெவ், 1947இற் பிறந்தவர். யாஸ் இசையிற் பயிற்சி பெற்றவர். மான்ஹற்றனிற் கலைஞர்கள் கூட்டாக நடத்திய ஒரு திறந்த கலைக்கூடத்தில் இருவரும் சந்தித்தனர். தொடக்கத்தில் கித்தார்க் கலைஞர் ஒருவரும் உடனிருந்தார். அவர் விலகியபின் இருவரே எஞ்சினர். வேகா தம் வயதிற் பத்தாண்டைக் குறைத்தே நெடுங்காலம் சொல்லி வந்தார் என்பதும், எழுபதாவது பிறந்தநாளை ஒட்டியே உண்மை வெளிவந்தது என்பதும் சுவையான செய்திகள். முதல் இசைத்தட்டு வெளியானபோது அவருக்கு 39 வயது. பங்க் இசையை இளைஞரின் துடுக்குத்தனம் என்று மட்டும் விளக்குவோர் இதனை மனங்கொள்வது நன்று.

'தற்கொலை' எனப் பொருள்படும் பெயரை இவர்கள் தெரிந்தெடுத்தமை பலரை முகஞ்சுளிக்க வைத்தது. வேகா அதற்குக் கூறிய விளக்கம் தனிமனிதர் பற்றியதன்று. அமெரிக்கச் சமூகம் தன்னைத் தானே அழித்துக்கொண்டிருந்தமை பற்றியது. வியட்னாம் போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. 1975இல் நியூயோர்க் மாநகரம் கடனிறுக்க இயலாது முறிவின் விளிம்பிற்கு வந்து, ஆயிரக்கணக்கான ஊழியரை வேலைநீக்கம் செய்தது. தென் புறொங்ஸ் பகுதியில் வீடுகள் தெருத்தெருவாக எரிந்தன. இச்சூழலிற் கையிற் பணமின்றித் திரிந்த இருவரின் இசையிலும் அந்த வறுமை படிந்தது. றெவ் வாசித்தது மலிவான பழைய ஓகன் ஒன்று. தாளத்துக்கு வைத்துக்கொண்டது, விருந்து மண்டபங்களில் ஓகன் வாசிப்போருக்குத் துணையாக வாசிக்கவெனச் செய்யப்பட்ட ஒரு தாள இயந்திரம். அதனையும் இரைச்சல் பெருக்கும் கருவிகளினூடாகச் செலுத்தினார். இரண்டு மூன்று சுரங்கள் ஓயாது திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேற் குரல் முணுமுணுத்தும் திடீரென அலறியும் செல்லும். நமக்குச் சுருதிப்பெட்டியின் இடையறாத ஒலி பழக்கமானது. அதன்மேல் இராகம் விரிவதற்குப் பதிலாக ஒரு நகரத்தின் நடுக்கம் விரிவதாகக் கற்பனை செய்தால் இவர்களின் இசையை ஓரளவு உணரலாம்.

1977இன் இறுதியில் மார்ட்டி தோவின் 'றெட் ஸ்ரார்' என்ற சிறு நிறுவனம் இவர்களின் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதிலுள்ள 'பிறாங்கி ரியர்ட்றொப்' ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் நீள்வது. ஓர் இளம் ஆலைத்தொழிலாளி. உழைத்தும் குடும்பத்துக்கு உணவில்லை. இருந்த இடமும் பறிபோகும் நிலை. ஈற்றில் மனைவியையும் பிள்ளையையும் கொன்று தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். இங்ஙனம் கதையைச் சுருக்கிச் சொன்னால் மலிவான துயரக்கதை போலத் தோன்றும். கேட்பவருக்கோ அத்தோற்றம் நிலைப்பதில்லை. தாள இயந்திரம் ஆலையின் இயந்திரம் போல அவன் இறந்த பின்னரும் நிற்பதில்லை என்பதே அப்பாடலின் கொடூரம்.

இவ்விடத்தில் ஒரு விவாதம் எழக்கூடும். ஈழத்து முற்போக்கு விமரிசன மரபிற் பயின்றவர்கள் இதனை நசிவுக்கலை என்று ஒதுக்கலாம்: விடிவு காட்டப்படவில்லை, தொழிலாளி தனியனாகவே மடிகிறான், கூட்டுப் போராட்டத்தின் சாயலே இல்லை என்பர். அக்குற்றச்சாட்டிற் பாதி உண்மையுண்டு. ஆனால் விடிவைக் காட்டும் கலை மட்டுமே சமூகக் கலையாகும் என்று கொள்வது நம் விமரிசனத்தின் பழைய குறைபாடு. தொழிற்சங்கம் கைவிட்ட ஒரு மனிதனின் இறுதி நாளை, அவன்மீது நீதி கூறாது பத்து நிமிடம் உடனிருந்து பார்ப்பதும் ஒரு பக்கச்சார்பே என்பது என் கருத்து.

1978இல் இவர்கள் ஐரோப்பாவுக்குச் சென்றனர். ஜூன் 16ஆந் திகதி பிறசல்ஸ் நகரில், எல்விஸ் கொஸ்ரெல்லோவுக்கு முன்னதாக மேடையேறினர். கூட்டம் கூச்சலிட்டது; கொஸ்ரெல்லோவின் பெயரைச் சொல்லிக் கத்தியது; ஈற்றில் ஒலிவாங்கி பறிக்கப்பட்டது. நிகழ்ச்சி 23 நிமிடத்தோடு முடிந்தது. அந்த 23 நிமிடமும் ஒலிப்பதிவு செய்யப்பட்டுப் பின்னர் வெளியிடப்பட்டமையால், இசையைக் காட்டிலும் இசையின்மீதான வெறுப்பைக் கேட்கும் அரிய வாய்ப்பு நமக்குண்டு. 'கிளாஷ்' குழுவோடு சென்றபோது கிளாஸ்கோவிலே தம்மை நோக்கிக் கோடரி வீசப்பட்டதாக வேகா கூறியிருக்கிறார். வீசியோர் பழைமைவாதிகளல்லர், கிளர்ச்சியின் இசையைக் கேட்க வந்த இரசிகர்கள். கிளர்ச்சிக்கும் ஒரு வாய்பாடு உண்டு போலும். அவ்வாய்பாட்டில் கித்தார் இருந்தது, பெட்டி இருக்கவில்லை.

பின்வந்த இசைத்தட்டுக்களை விரிவாகக் கூற வேண்டியதில்லை. 1980இல் றிக் ஒகாசெக் தயாரித்த இரண்டாவது இசைத்தட்டு மெருகானது. 1988, 1992, 2002 ஆகிய ஆண்டுகளில் வந்தவை முதலாவதன் வலிமையை எட்டவில்லை. ஆனாற் செல்வாக்கு வேறு வழிகளிற் பரவியது. தொழிலாளரின் பாடகர் எனப் பெயர்பெற்ற புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 1982இல் வெளியிட்ட 'நெப்றாஸ்கா' தொகுப்பில் 'பிறாங்கி'யின் அலறல் எதிரொலிக்கிறது. இருவரின் 'ட்றீம் பேபி ட்றீம்' பாடலை அவர் பின்னாளில் தாமே பாடியும் வந்தார்.

இனி நமது பக்கம் வருவோம். 1975இல் லண்டனிற் பிறந்து, குழந்தையாக இங்கு கொண்டுவரப்பட்டு, யாழ்ப்பாணத்திற் பள்ளி சென்று, 1986இல் தாயுடன் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர் மாதங்கி அருட்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என அறியும். இசைக்கல்வி பெறாத அவர் தாள இயந்திரம் ஒன்றைக் கையிலெடுத்தே பாடல்களை ஆக்கத் தொடங்கினார். 2010இல் அவர் வெளியிட்ட 'போர்ண் ஃப்றீ' முழுவதும் 'சூயிசைட்'டின் முதல் இசைத்தட்டிலுள்ள 'கோஸ்ற் றைடர்' பாடலின் ஓகன் ஒலியின்மேற் கட்டப்பட்டது. போர் முடிந்து ஓராண்டு ஆகாத காலம் அது. படையினர் செந்நிறத் தலைமயிர் கொண்ட இளைஞரைத் தேடிப் பிடித்துக் கொல்வதாக அமைந்த அதன் காணொளி பெருஞ் சர்ச்சையைக் கிளப்பியது. அதனை மிகை என்றோர் பலர். மிகைதான். ஆனால் யாருடைய மயிர் எந்நிறம் என்று பாராமலே நாம் அக்காணொளியைப் புரிந்துகொண்டோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஓகன் ஒலியை நான் முதலிற் கேட்டது திருநெல்வேலியில், எங்கள் வீட்டு விறாந்தையில். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "சைக்கிள் டைனமோ சுத்தின மாதிரிக் கிடக்கு" என்றார். 1990களில் மின்சாரமும் மின்கலமும் இல்லாத குடாநாட்டில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அவருடையது. சுழற்றுபவர் களைத்தாற் செய்தி இழுபடும், பாட்டுத் தளரும். மலிவான இயந்திரத்தின் நடுக்கத்தை இசையின் பகுதியாகவே கேட்டுப் பழகிய செவிகள் அவை. நியூயோர்க்கின் வறுமையும் எமது தடையும் ஒன்றல்ல. எனினும் விமரிசன நூல் எதுவும் தராத ஒரு விளக்கம் அன்று எனக்குக் கிடைத்தது.

2010 ஜூலையில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லெற்றர்மனின் நிகழ்ச்சியில் எம்.ஐ.ஏ. அப்பாடலைப் பாடியபோது, அவரைப்போலவே உடையணிந்த பெண்கள் பலர் மேடையில் நின்றனர். அவர்களுக்கிடையே கறுப்புக் கண்ணாடியுடன் ஓகனில் நின்றவர் மார்ட்டின் றெவ், வயது 62. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் பதிவுசெய்த அதே சில சுரங்களையே அன்றும் வாசித்தார். வேகா அம்மேடையில் இருக்கவில்லை. அவர் 2016 ஜூலை 16இல், தமது 78ஆவது வயதிற் காலமானார்.