ஊர் கொடுத்த நான்கு காசு

அல்மாஊன் அத்தியாயத்தை நாம் சிறுவயதிலேயே மனனம் செய்கிறோம். அநாதையை விரட்டுபவனை மட்டுமன்றி, ஏழைக்கு உணவளிக்குமாறு பிறரைத் தூண்டாதவனையும் அல்லாஹ் அதில் கண்டிக்கிறான். அல்ஃபஜ்ர் அத்தியாயத்திலும் இக்கண்டனம் மீண்டும் வருகிறது. ஆகவே கொடுப்பது ஒரு கடமை. கொடுக்கும்படி பிறரைக் கேட்பது மற்றொரு கடமை. இவ்விரண்டாம் கடமையின் வலிமைக்கு நம் நெல்லைச் சீமையின் வரலாறே சான்று.

சாத்தான்குளமும் எட்டயபுரமும் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்து ஊர்களாக இருந்தவை. தாமிரபரணி பாயும் வயல்களுக்குத் தெற்கே, சாத்தான்குளத்தைச் சுற்றிலும் செம்மண் தேரியும் பனையும். வடக்கே, எட்டயபுரத்தைச் சுற்றிலும் மழையை நம்பிய கரிசல். இரு நிலத்திலும் ஏழைப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கியது பசியே. பதநீர்க் காலத்தில் பனையேறும் குடும்பங்கள் விடிலியிலேயே தங்கும். பிள்ளைகளும் உடன் செல்வர். வேலைக்குப் போனால் கஞ்சியாவது கிடைக்கும். பள்ளியில் அதுவும் இல்லை.

முதலமைச்சர் காமராசர் பள்ளிகளில் மதிய உணவு அளிக்க முனைந்தபோது, செலவு பற்றிய தயக்கம் அரசுக்குள்ளேயே எழுந்தது. ஊராரிடம் கேட்டுப் பெறும் வழியைப் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். 1956 ஜூலையில் எட்டயபுரத்தில் காமராசர் அத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் அது ஊரார் நன்கொடையால் நடந்தது. சிலர் பணம் தந்தனர். சிலர் தானியமும் காய்கறியும் விறகும் தந்தனர். 1957 நவம்பரிலிருந்து அரசும் பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, 6 காசை அரசு ஏற்றது; 4 காசை ஊர் ஏற்றது.

அந்த 4 காசு, பள்ளியை ஊரின் சொத்தாக்கியது. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதனை மேலும் விரிவாக்கின. பள்ளிக்கு எவை தேவை என்று முதலில் பட்டியல் எழுதப்பட்டது. பிறகே ஊரார் கேட்கப்பட்டனர். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சீருடை, கட்டடத்துக்கு நிலம் என ஒவ்வொருவரும் தத்தம் சக்திக்கேற்ப ஏற்றுக்கொண்டனர்.

எனினும் வானம் பொய்த்த ஆண்டில் வறிய ஊர் எதைக் கொடுக்கும்? தேவை மிகுந்த இடத்தில்தான் கொடுக்கும் கைகள் குறைவு. அதனால் அரசின் பொறுப்பு வளர வேண்டியதாயிற்று. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் வாசலைத் திறந்தவர்களோ கேட்கத் துணிந்தவர்களும் மனமுவந்து கொடுத்தவர்களுமே.

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் மீட்புத்தொகை தர இயலாத, எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். பொருள்நெருக்கடி மிகுந்த காலத்தில், பொன்னுக்கு ஈடாகக் குழந்தைகளின் எழுத்தை ஏற்ற முன்மாதிரி அது.

2030-க்குள் உலகின் எல்லாக் குழந்தைகளுக்கும் தரமான முன்பருவக் கல்வி கிடைக்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. அவ்விலக்கு நம் மஹல்லாவின் அங்கன்வாடியிலும் மக்தபிலும்தான் நிறைவேற வேண்டும். அங்கே குடிநீர் உண்டா? கழிப்பறை உண்டா? படப் புத்தகங்கள் உண்டா? உஸ்தாதின் சம்பளம் மாதந்தோறும் தவறாமல் செல்கிறதா? பட்டியலை நாமே எழுதுவோம். ஜும்ஆவுக்குப் பின் கூசாமல் கேட்போம். பெற்ற தொகைக்கும் செய்த செலவுக்கும் எல்லோரும் காணக் கணக்கு வைப்போம். ஒரு குழந்தை கற்ற எழுத்து, நாம் மண்ணறை சென்ற பின்னும் நன்மை சேர்க்கும் ஸதகா ஜாரியா ஆகும்.

கொடுக்கும் கரத்தையும், பிறருக்காகக் கேட்கும் நாவையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.