மான்ட்ரீல் முயல்கள்

சர்க்கரையை விட்டவர், விடாதவர், விட்டுவிட்டதாகச் சொல்லிக் கொள்பவர் என்று மூன்று ரக மனிதர்கள் இன்று ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். மூவருக்கும் சர்க்கரை ஒன்றுதான் சத்துரு. ஆனால் இந்த வியாதியின் சரித்திரத்தைப் புரட்டினால், அந்தச் சத்துருவோடு கொழுப்பு ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்த கதை ஒன்று அகப்படுகிறது.

1922-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி டொரொண்டோ ஆஸ்பத்திரியில், எலும்பும் தோலுமாகக் கிடந்த லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். அது சரிப்படவில்லை. 12 நாள் கழித்துப் போட்ட, இன்னும் சுத்தமான மருந்து அவனைப் பிழைக்க வைத்தது. அதற்கு முன்னெல்லாம் இந்த வியாதிக்காரர்கள் நினைவு தப்பிப் போய்ச் சேர்வதுதான் வழக்கம். பாஸ்டன் டாக்டர் எலியட் ஜாஸ்லின் தம்மிடம் வந்தவர்களின் கணக்கை வருஷக் கணக்காக எழுதி வைத்தவர். 1914-க்கு முன் அவர் கணக்கில் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அப்படிப் போனவர்கள்தாம். இன்சுலின் வந்ததும் அந்தச் சாவு அபூர்வமாயிற்று. யமன் வாசலை மாற்றிக் கொண்டான். இருதயத்துக்கும் காலுக்கும் போகிற ரத்தக் குழாய்கள் வழியாக வர ஆரம்பித்தான்.

என் பெரியப்பா தமக்குத் தாமே இன்சுலின் போட்டுக் கொண்டு, பத்தியம் தவறாமல் இருபது வருஷம் ஓட்டினார். ஒரு நாள் கால் கட்டை விரல் கறுத்தது. "சர்க்கரை சரியாகத்தானேடா இருக்கிறது, விரல் ஏன் கறுக்கிறது?" என்று கேட்டார். நான் கதை எழுதுகிறவன். எனக்கு என்ன தெரியும்? பிற்பாடு புத்தகங்களைத் தேடிப் படித்தது அந்தக் கேள்விக்காகத்தான்.

ருஷ்யாவில் அனிச்கோவ் என்பவர் 1913-லேயே முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி, அவற்றின் ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவதைக் காட்டியிருந்தார். 1943-ல் கிளாஸ்கோவில் அலோக்ஸான் என்ற ரசாயனம் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதைக் கண்டார்கள். மான்ட்ரீல் நகரில் டஃப், மக்மில்லன் என்ற இருவர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். சர்க்கரை வியாதி உண்டாக்கிய முயலுக்குக் கொலஸ்ட்ராலும் ஊட்டினால் குழாய்கள் படுமோசமாகும் என்றுதானே யாரும் எதிர்பார்ப்பார்கள்? 1949-ல் வெளியான முடிவு நேர்மாறு. அந்த முயல்களின் ரத்தத்தில் கொழுப்பு மிதமிஞ்சிப் பால் போல வெளுத்திருந்தது. குழாய்களிலோ படிவு மிகக் குறைவு! அதோடு போயிற்றா? 1954-ல் டஃபும் அவருடைய சகாக்களும் அதே மாதிரி முயல்களுக்கு இன்சுலின் கொடுத்தார்கள். ரத்தம் தெளிந்தது, குழாய்களில் படிவு வந்து சேர்ந்தது.

துப்பறியும் கதையில் இப்படி ஒரு திருப்பம் வைத்தால் பத்திரிகை ஆசிரியர் நம்ப மாட்டார்.

இதற்கு விடை வேறொரு மூலையிலிருந்து வந்தது. இன்சுலினைக் கண்டவர்களில் ஒருவரான சார்லஸ் பெஸ்ட், பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் என்ற மருந்தைச் சுத்தம் செய்யும் வேலையை டொரொண்டோவில் தொடங்கி வைத்தார். 1943-ல் அமெரிக்காவில் பால் ஹான் என்பவர், கொழுப்பு உண்டு ரத்தம் வெளுத்திருந்த நாய்களுக்கு இந்த ஹெபாரினைச் செலுத்த, ரத்தம் சில நிமிஷங்களில் தெளிந்துவிட்டது. ஆனால் வெளுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஹெபாரினைக் கலந்தால் ஒன்றும் நடப்பதில்லை. அப்படியானால் வேலை செய்வது ஹெபாரின் அல்ல. உடம்புக்குள் ஒளிந்திருக்கும் எதையோ அது கிளப்பிவிடுகிறது. 1955-ல் எட்வர்ட் கோர்ன் அதை எலியின் இருதயத்திலிருந்து பிரித்தெடுத்து, லைப்போ புரோட்டீன் லைபேஸ் என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடப் பாஷையில் சொன்னால் ஒரு நொதி.

சாப்பாட்டுக் கொழுப்பு ரத்தத்தில் படகு படகாக வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் நின்று மூட்டை இறக்கும் கூலியாள்தான் இந்த லைபேஸ். இறக்க இறக்கப் படகு சிறுத்துக் கொண்டே போகும். கொழுப்புத் திசுவில் உள்ள கூலியாட்களுக்கு மேஸ்திரி இன்சுலின். மேஸ்திரி இல்லாவிட்டால் வேலை படுத்துவிடும். படகுகள் தேங்கி, ரத்தம் பாலாகும்.

கார்னெல் சர்வகலாசாலையின் ஜில்வர்ஸ்மித், பாதி மூட்டை இறக்கிய படகுகள்தாம் குழாய்ச் சுவருக்குள் புகுந்து கெடுதல் செய்கின்றன என்று 1973-ல் ஒரு யோசனை சொன்னார். 1988-ல் அவரும் டென்மார்க்கின் நோர்டஸ்ட்கார்டும் அதை மான்ட்ரீல் முயல் கதையோடு பொருத்திக் காட்டினார்கள். முயல்களின் ரத்தத்தில் இருந்தவை பிரம்மாண்டமான படகுகள். சுவருக்குள் நுழைய அவற்றால் முடியவில்லை. இன்சுலின் வந்து லைபேஸ் விழித்துக் கொண்டதும் படகுகள் சிறுத்தன, நுழைந்தன.

உடனே யாரும் இன்சுலினை நிறுத்திவிட வேண்டாம்! பால் போன்ற ரத்தம் கணையத்தையே வேக வைத்துவிடும். பிறவியிலேயே இந்த நொதி இல்லாதவர்கள் படும் பாடு அதுதான். போதாததற்கு, லைபேஸ் வம்சாவழியாகச் சற்று மந்தமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்றும் மரபணு ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. வேலை அடியோடு நின்றாலும் ஆபத்து. அரைகுறையாக நடந்தாலும் ஆபத்து. நடு வயதில் வருகிற சாதாரணச் சர்க்கரை வியாதியில் நடப்பது இந்த அரைகுறைதான். கல்லீரல் படகுகளை அனுப்பிக் கொண்டே இருக்கிறது. கூலியாள் சோர்ந்திருக்கிறான். பாதி இறக்கிய படகுகள் குழாய்களில் சுற்றுகின்றன.

சரி, கூலியாளை முடுக்கிவிட்டால் என்ன? பெமாஃபைப்ரேட் என்ற மாத்திரை அதைச் செய்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10,500 பேரிடம் பரிசோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் அந்தக் கொழுப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவே இல்லை. காரணம் தேடியவர்கள் படகுகளை எண்ணிப் பார்த்தார்கள். மூட்டைகள்தாம் குறைந்திருந்தன; படகுகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடியே இருந்தது.