நொய்யற்கரையில் தக்காணத்து மணிக்கல்



குஷாய்குடாவில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டுவோர் பெரும்பாலும் முட்டிக்கொள்வது கருங்கற் பாறையையே. நகைக்குரிய செம்மணி அதில் விளைவதில்லை. ஆனால் ஐதராபாத்துக்கு மேற்கே, விகாராபாத்துப் பக்கம் சென்றால், பண்டு எரிமலைக் குழம்பு பரவி உறைந்த நிலம் தொடங்குகின்றது. மகாராட்டிரம், குஜராத்து வரை நீளும் அந்நிலத்துப் பாறைப் பொந்துகளில் உருவானதே சூதுபவளம் என்னும் செந்நிற மணிக்கல்.

கொங்கு நாட்டில் இக்கல் இயற்கையாகக் கிடைப்பதில்லை. எனினும் ஈரோடு மாவட்டத்தில், நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழ்வில், ஓர் ஈமச்சின்னத்தில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. மேற்கிந்தியப் பகுதிகளிலிருந்தே மூலக்கல் வந்திருத்தல் வேண்டும் என ஆய்வாளர் கருதுகின்றனர். பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர். அருகிலுள்ள படியூர்ப் பச்சைக்கல்லின் புகழ் பலரும் அறிந்ததாதலின் அதனை இங்கு விரிக்கவில்லை.

மணி செய்தல் எளிதன்று. கல்லைத் தீயில் வாட்டினால் அதிலுள்ள இரும்புச்சத்து சிவந்து நிறம் ஆழமாகும். பின்னர்ச் சில்லுசில்லாகத் தட்டி உருவாக்கி, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். இவையனைத்தினும் கடினமானது துளையிடுதல். சூதுபவளம் இரும்பினும் கடியது. ஆதலின் வைரத்துணுக்குப் பதித்த துரப்பணத்தையே கொண்டனர் போலும். ஒரு முனையிலிருந்து பாதியும் மறு முனையிலிருந்து பாதியும் துளைத்து, இரண்டும் நடுவில் சந்திக்குமாறு செய்வர். கை சற்றே பிசகினாலும் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். கொடுமணல் மண்ணில் முற்றுப்பெறாத மணிகளும் கற்சில்லுகளும் ஏராளம். அணிந்தவரின் செல்வத்தை ஈமச்சின்னம் காட்டுகின்றது. செய்தவரின் உழைப்பை அறிய நாம் இக்குப்பையையே நாட வேண்டியுள்ளது. எனக்கு இக்குப்பையே பெரிதாகப் படுகின்றது.

கல் மட்டுமா வந்தது? அவ்வூர்ப் பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் பல கீறப்பட்டுள்ளன. கண்ணன், ஆதன் போன்றவற்றோடு, வடபுலத்துப் பிராகிருத மொழிச் சாயலுடைய சுமணன், விசாகி என்னும் பெயர்களும் உள்ளன. வணிகர் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல்லும் ஓர் ஓட்டில் காணப்படுகின்றது. தொலைவிலிருந்து தொழில் நாடி வந்தோர் சிலரேனும், குடியேறிய ஊரின் எழுத்திலேயே, தாம் புழங்கிய பானைகளில் தம் பெயரைக் கீறி வைத்தனர் போலும்.